தலைக்கு மேல் தண்ணீர்

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பது
மழை பெய்யும் கோளின் பேச்சு.
செவ்வாயில் என் வேலையே
அந்தக் கணக்குதான்:
தலைக்கு மேல் எத்தனை சாண்,
எத்தனை முழம்.

எரிகுழம்பு ஓடி வற்றிய குகைக்குள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப்பேர் கலாமாவின் செம்புச் சுரங்கத்தார்.
'வெயிலுக்கு ஒளிந்து வாழத் தெரியும்'
என்று எழுதித்தான் விண்ணப்பம் போட்டோம்.

கூரை பாறை. பாறையை நம்பலாம்.
வடக்கே, குகை வாய்பிளந்த இடத்தில்
பாறை இல்லை.
அங்கே தோட்டம், பட்டறை,
அதற்கடுத்து பிரசவ அறை.
வரைபடம் போட்டவர்களுக்கு
இங்கே யாரும் பிறப்பார்கள் என்று தோன்றவில்லை;
மிஞ்சிய அறை அது.
அங்கே கூரை
வலைமேல் அடுக்கிய தண்ணீர்ப் பைகள்.

குடிப்பதும் அதைத்தான்.
ஒருத்தி ஒரு குவளை குடித்தால்
கூரையில் ஒரு குவளை குறையும்.
அது சிறுநீராகி, வடிகட்டப்பட்டு, மேலேறும் வரை
அந்தக் குவளை அளவுக்கு
வானம் உள்ளே வரும்.

நான் ரொசெந்தா, கதிர்வீச்சுக் கணக்கு எழுதுபவள்.
மாதக் கடைசியில் எல்லார் சட்டையிலிருந்தும்
பொத்தான் அளவுத் தகட்டைக் கழற்றி வாங்குவேன்.
நிக்கனோர் தகட்டைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத்தான்
வெளியே போகிறான். எனக்குத் தெரியும்.
அவன் எண் மட்டும் குழந்தையின் எண் போல இருக்கும்.
எவாரிஸ்தோவின் பக்கம் நிறைந்துவிட்டது,
ஓர் ஆயுளுக்கு உரியது முழுக்க.
இனி அவன் குகைவாயைத் தாண்டக் கூடாது.
சமையலறையில் வெங்காயம் உரிக்கிறான்,
வெங்காயத்தைத் திட்டிக்கொண்டே.

தோட்டக் காவல் இரவுகளில்
கண்ணை மூடினால் சட்டென்று ஒரு வெள்ளைக் கீறல்.
என்றோ வெடித்த விண்மீனின் துகள் ஒன்று
என் விழிக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது.
கோபமில்லை அதற்கு.
என்னைத் தேடி வரவுமில்லை.

ஃபிலோமேனாவுக்கு வலி கண்ட அன்று
வடிகட்டி பழுதாகி நான்காம் நாள்.
குடித்துக் குடித்துக் கூரை
இரண்டு சாணுக்கு இறங்கியிருந்தது.
அப்போதுதான் அலறியது மணி:
சூரியப் புயல், நாற்பது நிமிடம்.
எல்லாரும் உள்குகைக்கு ஓடினோம்.
அவளை நகர்த்த முடியாது, என்றார் டாக்டர்,
கத்தி வைத்தாயிற்று.

ஓடியவர்கள் திரும்பினோம்.
பயறு ஊறிய நீர் வந்தது, ஆறாத சூப் வந்தது,
வடிகட்டாத மூத்திரப் பைகள் வந்தன.
எவாரிஸ்தோ எட்டு மாதமாய் ஒளித்துவைத்த சிச்சா
ஒரு பீப்பாய் வந்தது; யாரும் எதுவும் கேட்கவில்லை.
அளந்தேன்.
இன்னும் ஒரு முழம் போதவில்லை.

'மனிதனும் முக்கால்வாசி தண்ணீர்தானே'
என்று சொல்லிவிட்டு
எவாரிஸ்தோ ஏணியில் ஏறினான்.
வலைமேல் பைகளுக்கு நடுவே
குப்புறப் படுத்தான்.
பின்னால் நிக்கனோர்.
பின்னால், பிள்ளை பெறும் வயது கடந்த ஏழு பேர்,
செருப்பைக் கழற்றி வரிசையாய் வைத்துவிட்டு.

பதினொரு மணி நேரம்
ஒருவரும் குடிக்கவில்லை.
நான் கீழே நின்று
ஊசிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் எப்போதோ
ஓர் அழுகுரல் கேட்டது.
மேலே யாரோ சிரித்தார்கள்; வலை குலுங்கியது.
'அசையாதீர்கள்' என்று கத்தினேன்.

விடிந்ததும் தகடுகள் வாங்கினேன்.
நிக்கனோர் சட்டையில் இருந்தது,
முதல்முறையாக.
எவாரிஸ்தோவின் பக்கத்தில் இடமில்லை,
ஓரத்தில் எழுதினேன்.
பிறகு புதுப் பக்கம் ஒன்று திருப்பி,
பெயர் வைக்காத பிள்ளைக்கு
முதலில் ஓர் எண் வைத்தேன்.
சின்ன எண்தான்.

ஏணியிலிருந்து இறங்கிய எவாரிஸ்தோ
உதடு ஒட்டிப்போய்த்
தண்ணீர் கேட்டான்.

ஒரு குவளை கொடுத்தேன்,
கூரையிலிருந்து.
கணக்கில் எழுதவில்லை.